உட்கார்ந்தால் காசு

பாரிசில் நின்றுகொண்டு குடித்தால் கோப்பிக்கு ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை. வந்த புதிதில் இதை யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒருநாள் பெரிய ஸ்டேஷன் பக்கத்தில், கால் உளைகிறதே என்று ஒரு கதிரையில் சாய்ந்து கோப்பி குடித்தேன். பில் வந்ததும் நம்பினேன். அதே கோப்பி, அதே கோப்பை, கூடுதல் காசு முழுவதும் கதிரைக்கு. இந்த ஊரில் கதிரையைக் கண்டால் முதலில் விலையைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்தேன்.

நூலகத்துக்குப் போன முதல் நாட்களில் நான் நின்றுகொண்டே படித்ததற்குக் காரணம் இதுதான்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில், கெஸ் என்கிற காசுமேசையில் எனக்கு வேலை. வீடு பாரிசுக்கு வெளியே, கார்ஜ் என்ற ஊரில். கணவருக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. வீட்டின் நிதி அமைச்சு என்னிடம். தேங்காய்ப்பால் எந்தக் கடையில் எத்தனை சதம் குறைவு, அரிசி மூட்டையை எந்தக் கிழமை இறக்குவார்கள், கறிவேப்பிலை எந்த மாதத்தில் தங்கத்தோடு போட்டி போடும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மின்சாரக் கட்டணம் ஏறிய வருடம் செலவுகளை வெட்டத் தொடங்கினேன். முதலில் வெட்டியது வீட்டு இணையம். ஆளுக்கொரு மலிவான போன் இணைப்பு போதும் என்று சட்டம் போட்டேன். அதில் வருகிற டேட்டா யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாதம் பாதி போவதற்குள் தீர்ந்துவிடும்.

கடையில் இணையம் இருந்தது. பொக்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கறுப்புப் பெட்டி, ஊதுபத்திக் கட்டுகளுக்கு மேலே ஒரு தட்டில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் அது முதலாளி அண்ணையின் சொத்து. சரக்குக்கு ஓடர் போட மட்டும்தான் எனக்கு அதன் கடவுச்சொல்லைத் தந்திருந்தார். ஒருநாள் மதிய இடைவேளையில் நான் எதையோ பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, இன்டர்நெட் என்ன தேத்தண்ணியோ, விரும்பின நேரம் ஊத்திக் குடிக்க?"

"தேத்தண்ணியும் நீங்கள் ஊத்தித் தாறேல்லையே அண்ணை."

சிரித்தார். ஆனாலும் அன்றைக்கு மாலை கடவுச்சொல் மாறிவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வேலை விளம்பரம். ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு தெரியாத நோயாளிக்கும் தமிழ் தெரியாத டொக்டருக்கும் நடுவே, தொலைபேசியில் இருந்தபடி இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கிற வேலை. கடைக்கு வருகிற ஒரு அக்கா சொன்னா. கெஸ்ஸில் நிற்கிற என்னிடம் ஆட்கள் பிரெஞ்சுக் கடிதத்தைக் காட்டி அர்த்தம் கேட்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்வார்கள். அதையெல்லாம் அந்த அக்கா பார்த்திருக்கிறா.

"சும்மா செய்யிற வேலைக்குச் சம்பளம் குடுக்கினம், போய்க் கேளும்."

அதைக் கேட்ட நேரம் என் உடம்பில் ஏதோ ஏறியது. எத்தனை வருடமாக நான் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். வெண்டிக்காயில் எனக்குக் கோபமில்லை. ஆனால் என்னிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றுக்கு இந்த ஊரில் ஒரு விலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, மூக்குத்திக்குக்கூட.

விண்ணப்பம் போட்டேன். வீடியோவில் ஒரு தேர்வு வைப்போம், உடல் உறுப்புகள், நோய்கள் பற்றிய சொற்களைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நெஞ்சு, வயிறு, முதுகு என்றால் எனக்குத் தெரியும். மண்ணீரலுக்கும் பித்தப்பைக்கும் பிரெஞ்சில் என்ன பெயர் என்று யாருக்குத் தெரியும்? புத்தகக் கடையில் மருத்துவ அகராதியின் பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு ஒரு மூட்டை அரிசி வரும். பிள்ளையைத் தொட்டிலில் வைப்பதுபோல அதைத் திரும்ப வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் நல்ல மழை. மதிய இடைவேளையில் ஒதுங்க இடம் தேடி, கடைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். நூலகம். எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன், படிக்கிற பிள்ளைகளுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டு. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அலுமாரிக்கு அலுமாரி பார்த்துக்கொண்டு போனவள், சிறுவர் பகுதியில் ஒரு பெரிய படப்புத்தகத்தின் முன்னே நின்றுவிட்டேன். மனித உடல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மடிப்பு. தோலைத் திறந்தால் தசை, தசையைத் திறந்தால் எலும்பு, விலாவைத் திறந்தால் ஈரலும் மண்ணீரலும் பித்தப்பையும் ஒவ்வொரு நிறத்தில், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் பெயர். அந்தத் தடித்த அகராதியைவிட இது எனக்கு நூறு மடங்கு நன்றாக விளங்கியது.

படித்தேன். நின்றுகொண்டு.

அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். சுற்றிவர எவ்வளவோ கதிரைகள், மெத்தை வைத்தவைகூட. ஒருவர் அதில் நன்றாகச் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காசு கட்டியிருப்பார், படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலை முழுவதும் கெஸ்ஸில் நின்றுவிட்டு மதியத்தில் இங்கே வந்தும் நின்றால் நாரி என்ன பாடுபடும்? இடுப்புக்கு மேலே மின்சாரம் பாய்வதுபோல இருந்தது. இருந்தாலும் கணையம் வரை வந்துவிட்டேனே என்ற சந்தோசத்தில் நோவு பெரிதாகத் தெரியவில்லை.

கடைசியில் அங்கே வேலை செய்கிற ஒரு பெண் கிட்ட வந்தா. குட்டை முடி, காதில் பெரிய வளையம்.

"மன்னிக்கவும், ஏன் எப்போதும் நிற்கிறீர்கள்? இருக்கலாமே."

"உட்கார்ந்தால் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவவுக்கு விளங்கவில்லை. கோப்பிக்கடைக் கதையைச் சொன்னேன். அவ வாயைப் பொத்திக்கொண்டா. நூலகத்தில் சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்று அவவே மற்றவர்களுக்குச் சொல்கிறவ. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரைக்குக் காசில்லை என்றா. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதற்கும் காசில்லை என்றா.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் கடைவாய்ப் பல் வரைக்கும் பார்த்தேன். உறுப்பினர் அட்டைக்குக் காசு இல்லையா? இல்லை. வருடம் முடியக் கேட்பீர்களா? இல்லை. நான் பாரிசில் இல்லை, கார்ஜில் இருக்கிறேனே? பரவாயில்லை. சம்பளத் துண்டு கொண்டுவர வேண்டுமா? வேண்டாம். அப்படியானால் உங்களுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டேன். கடையில் வேலை செய்கிறவள், கேட்காமல் எப்படி இருப்பது? அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கள் வருகிறீர்கள், அதுதான்" என்றா.

அட்டை அங்கேயே கையில் கிடைத்தது. அந்த அட்டையோடு இணையமும் சும்மா, அதன் வழியே பிரெஞ்சுப் பாடங்களும் சும்மா, காதில் மாட்டிக் கேட்க ஹெட்போனும் இரவல் தருவார்களாம். இவ்வளவு காலமும் நான் இந்தக் கட்டடத்தைத் தாண்டி நடந்துபோய் டேட்டாவுக்குக் காசு கட்டியிருக்கிறேன். சந்தோசமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்தப் படப்புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போகும்போது, ஏதோ களவெடுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

தேர்வு ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு என்று வந்தது. வேலைநாள். முதலாளி அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுழித்தார். ஆனால் மனம் கெட்டவர் இல்லை.

"அரை மணித்தியாலம் தானே. பின்னாலை ஸ்டோரிலை இருந்து எடு. பொக்ஸை அண்டைக்கு உனக்குத் திறந்து விடுறன்."

அன்றைக்குச் சரஸ்வதி பூசை என்பது இருவருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

புதன் காலையில் கடைக்குள் நுழைந்தேன். நடுவில் மேசை, மேசைமேல் பட்டு, பட்டுமேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் கடையின் ஆயுதங்கள் எல்லாம் வரிசையாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன: மின்தராசு, விலைத்துண்டு ஒட்டுகிற கருவி, மரக்கறி வெட்டுகிற கத்தி, கணக்குப் போடுகிற கல்குலேட்டர். அவற்றுக்கு நடுவே, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு, கண் சிமிட்டாமல், பொக்ஸ்.

"அண்ணை, இது ஏன் இஞ்சை?"

"அதுவும் உழைக்கிற சாமான் தானே பிள்ளை. வருசம் முழுக்க ஒரு நாள் லீவில்லை."

"எனக்குப் பதினொரு மணிக்கு எக்ஸாம் எண்டு சொன்னனான் எல்லோ."

அவர் தலையில் கை வைத்தார். "ஐயோ, மறந்தே போனன். இப்ப ஐயர் வந்திடுவார், பூசை முடிய உடனை தூக்கித் தாறன்."

"ஐயர் இப்ப எங்கை நிக்கிறார்?"

"மூலை நகைக்கடையிலை. அதுக்குப் பிறகு சலூன். அதுக்குப் பிறகு நாங்கள்."

லா சப்பலில் அன்றைக்கு எல்லாக் கடைக்கும் பூசை. ஐயர்மார் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பத்து மணியானது. நகைக்கடையில் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் நகைக்கடைக்காரர், மந்திரமும் நீளமாகத்தான் இருக்கும். பத்தரையானது. ஐயர் சலூனுக்குள் போனார் என்று ஒருவர் வந்து சொன்னார்.

"அண்ணை, ஒருக்காப் பிளக்கைக் குத்தட்டோ? பொட்டு அழியாமல் குத்துவன்."

"சந்தனம் வைச்ச பிறகு எடுக்கக் கூடாது பிள்ளை. வியாபாரம் படுத்திடும்."

அப்போது ஒரு வாடிக்கையாளர் வங்கி அட்டையை நீட்டினார். அட்டை இயந்திரத்துக்கும் பொட்டு இருந்தது. ஆனால் அதற்குள் தனி சிம் இருந்ததால், அண்ணை பூவை மட்டும் மெல்ல ஒதுக்கிவிட்டுக் காசை எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சரஸ்வதியைப் பார்த்தார். அவருடைய போனிலிருந்து இணையம் வாங்கலாம் என்றால், ஐயர் எடுப்பார் என்று அதைக் காதிலேயே ஒட்டி வைத்திருந்தார். என் போனில் டேட்டா எப்போதோ செத்துவிட்டது.

ஐயர் வரும்வரை அமாவாசை காத்திருக்காது. "நான் போயிட்டு வாறன்" என்று ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன். நெற்றியில் குங்குமம், தோளில் கைப்பை, பூசைநாள் என்று கட்டிவந்த சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. தெருவில் எல்லாக் கடைகளிலும் சாம்பிராணிப் புகை. ஆட்கள் வழிவிட்டார்கள், ஏதோ ஆபத்து என்று நினைத்து. எனக்குப் பயமாகவும் இருந்தது, ஏனென்று தெரியாமல் சிரிப்பாகவும் இருந்தது.

நூலகம் திறந்திருந்தது. குட்டை முடிக்காரி வாசலிலேயே நின்றா. மூச்சு வாங்க வாங்க விசயத்தைச் சொன்னேன். பேசக்கூடிய சின்ன அறையை மாணவர்கள் முன்கூட்டியே எடுத்துவிட்டார்களாம். அவ மணிக்கூட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. குழந்தைகளுக்குக் கதை சொல்கிற அறை. பதினொன்றரைக்குக் கதை நேரம், அதுவரைக்கும் உங்களுடையது என்றா. கடதாசி மீன்கள் தொங்கின. முழங்கால் உயரத்தில் வட்ட வட்டக் குட்டிக் கதிரைகள். அவவே படப்புத்தகங்களை அடுக்கி, என் போனை அதன்மேல் சாய்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு போனா. அட்டை எண்ணை அடித்தேன். இணையம் வந்தது.

திரையில் ஒரு பிரெஞ்சுப் பெண் தெரிந்தா. அறையில் தனியாக இருக்கிறீர்களா, காட்டுங்கள் என்றா. போனைச் சுற்றிக் காட்டினேன். மீன்களைக் கண்டு அவவின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு விதியைச் சொன்னா. நான் டொக்டர், இன்னொரு தமிழ்ப் பெண் நோயாளியாக லைனில் வருவா. நாங்கள் சொல்வதை நீங்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். எதையும் விடக்கூடாது. உங்களுடையது எதையும் சேர்க்கவும் கூடாது.

தொடங்கினோம். நோயாளியாக வந்தவவின் குரல் சுத்தமான யாழ்ப்பாணக் குரல். "நாரி நோகுது டொக்டர், குனிய ஏலாமல் கிடக்கு." நாரி நோவு எனக்குத் தெரியாதா? அதற்குப் பிரெஞ்சு என் முதுகெலும்பிலிருந்தே வந்தது. "தலை அம்முது", "கை விறைக்குது", "சத்தி வருமாப்போலை இருக்கு" என்று அவ அடுக்க அடுக்க, தலைப்பாரம், விறைப்பு, வாந்தி என்று நான் இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். பித்தப்பை வந்தது. மண்ணீரல் வந்தது, ஊதா நிறத்தில், இடது பக்கத்து மடிப்புக்குக் கீழே. எனக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. இதுதான் என் வேலை, நான் இதற்குத்தான் பிறந்தவள் என்று தோன்றியது.

தலைக்கனம் ஏறினால் இப்படித்தான்.

"மூண்டு நாளாச் சாப்பாடு செமிக்கேல்லை, வயிறு ஊதிக்கொண்டு கிடக்கு" என்றா அவ.

"இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சனீங்களோ அக்கா?" என்றேன் நான்.

வாயை விட்டு வந்துவிட்டது. வயிறு ஊதுகிறது என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் ஆட்களில் யாரால் சும்மா இருக்க முடியும்? தலைக்கு மேலே தொங்கிய மீன்கூட அசையவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நோயாளி என்ன சொன்னார்?" என்று பிரெஞ்சுப் பெண் கேட்டா.

மறைக்கலாம். அவவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதையும் விடக்கூடாது என்பதுதானே விதி. நோயாளி சொன்னதைச் சொன்னேன். பிறகு, "இதற்கு மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தப் புத்தியில், இஞ்சித் தேநீர் குடித்தீர்களா என்று கேட்டார். அது தவறு" என்றும் சொன்னேன்.

திரையில் அவ குனிந்து ஏதோ எழுதினா. அதற்குள் மற்றக் குரல், நடிப்பை விடாமல், "குடிச்சனான், ஒண்டுக்கும் கேக்கேல்லை" என்றது. அதையும் பிரெஞ்சில் சொன்னேன். கடைசிவரை வேறொன்றும் சேர்க்கவில்லை. முடிந்து கதவைத் திறந்தபோது, வெளியே ஒரு கயிற்றைப் பிடித்தபடி குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். என் நெற்றிப் பொட்டை ஆவென்று பார்த்தார்கள்.

முடிவு அடுத்த கிழமை வந்தது. கெஸ்ஸில் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இஞ்சித் தேநீரை நீங்களே சொல்லாமல் விட்டிருந்தால் எடுத்திருக்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த வெண்டிக்காயைக் கத்தரிக்காய் விலைக்கு அடித்துவிட்டேன், முன்னால் நின்றவர் சொல்லியும் விளங்கவில்லை. முதலாளி அண்ணை கேட்டுவிட்டு, "சரஸ்வதிக்கு முன்னாலை பொக்ஸை வைச்சது நான்" என்றார். மறுபேச்சுப் பேச எனக்கு அன்றைக்கு மனமில்லை. பின்னேரங்களில் மட்டும் கடைக்கு வா என்று அவரே சொன்னார்.

இந்த வேலைக்குச் சாதாரண அழைப்பே போதும், இணையம் தேவையில்லை. முதல் அழைப்பு வந்தபோது நான் கார்ஜில், படுக்கையறையில், கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன வருத்தம், யார் என்று ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது. அந்தப் பேச்சில் எனக்குரிய ஒரு துண்டை மட்டும் சொல்கிறேன்.

டொக்டரின் குரல் எதற்கோ அங்கால் தள்ளிப் போயிருந்தது. நோயாளி இளம் பிள்ளை, தனியாக வந்தவள். போனுக்குக் கிட்ட வந்து, மெல்லிய குரலில் என்னிடமே கேட்டாள்.

"அக்கா, நீங்கள் லைனிலை நிக்கிறீங்களோ? வைச்சிடாதேங்கோ அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

நிற்கிறேன் பிள்ளை என்று சொல்ல வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் டொக்டருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். டொக்டர் குரலை இறக்கிப் பதில் சொன்னா. அதை நான் அந்தப் பிள்ளைக்குத் தமிழில் சொன்னேன்.

"மொழிபெயர்க்கிறவ எங்கையும் போகமாட்டாவாம். முடியுமட்டும் எங்களோடை தான் நிப்பாவாம். டொக்டர் சொல்லுறா."